இழுப்பறையில் கிடக்கும் பறவைகள்: வாசகர் கேள்வி – பதில்

அருங்காட்சியகங்களில் உள்ள பழைய பறவை, பாலூட்டித் தொகுப்புகளைப் பற்றி வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம்.

ஒரே இனப் பறவையை ஐம்பது, அறுபது என்று ஏன் சேர்த்து வைத்திருக்கிறார்கள்? ஆணும் பெண்ணுமாக ஒரு ஜோடி போதாதா? இப்போதுதான் கையில் கேமரா இருக்கிறதே!
– கல்லூரி மாணவி, திருச்சி

கண்ணாடிப் பெட்டிக்குள் கிளையில் உட்கார வைத்திருக்கும் பாடம் செய்த பறவை பார்வையாளருக்கானது. ஆராய்ச்சிக்கு உதவுவது உள்ளே, இழுப்பறையில் மல்லாந்து கிடக்கும் தோல்தான். வயிற்றைக் கீறி உடலை எடுத்துவிட்டு, அலகும் மண்டையும் இறக்கை எலும்பும் கால்களும் தோலோடு இருக்கும்படி விட்டு, பஞ்சு அடைத்துத் தைத்து, காலில் சீட்டுக் கட்டி வைத்திருப்பார்கள். வயது, பருவம், ஊர், ஆண்டு என்று ஒவ்வொன்றாலும் ஒரே இனத்துக்குள் எவ்வளவு மாறுபாடு இருக்கிறது என்பது வரிசையாக அடுக்கிப் பார்த்தால்தான் புலப்படும். ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு அதைச் சொல்லவே முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு. சேகரித்தவருக்கே தெரியாத செய்திகள் அந்தத் தோலில் ஒட்டிக்கொண்டு வந்திருக்கும். பிரிட்டனில் பொரி வல்லூறுகள் ஏன் குறைகின்றன என்று தேடிய டெரெக் ராட்கிளிஃப், பழைய முட்டைத் தொகுப்புகளை எடுத்து, ஓட்டின் எடையை மில்லிகிராமில் அளந்து, அதை நீளம், அகலம் இரண்டும் பெருக்கிய தொகையால் வகுத்துப் பார்த்தார். 1940-களின் பிற்பகுதியிலிருந்து அந்தக் குறியீட்டெண் சட்டென்று ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு சரிந்திருந்தது; அதாவது ஓடு மெலிந்திருந்தது. டி.டி.டி. பூச்சிக்கொல்லி புழக்கத்துக்கு வந்த காலம் அது. 1967-ல் வெளியான அந்த முடிவுக்கு அடிப்படை, பொழுதுபோக்காக முட்டை சேர்த்தவர்களின் பெட்டிகள். அமெரிக்காவின் தொழிற்சாலைப் பகுதிகளில் 135 ஆண்டுகளாகச் சேர்ந்த 1,300-க்கும் மேற்பட்ட பறவைத் தோல்களை ஒளியில் படமெடுத்து, வயிற்று இறகில் படிந்த கரிப்புகையை அளந்து 2017-ல் ஓர் ஆய்வு வந்தது. பறவை ஆண்டுதோறும் இறகு உதிர்த்துப் புதுப்பிக்கும். ஆகவே ஒட்டியிருக்கும் கரி அந்த ஆண்டினுடையது. நிலக்கரி எரிப்பு எப்போது ஏறியது, எப்போது இறங்கியது என்பதை இறகே சொன்னது. புகைப்படத்தில் முட்டை ஓட்டை நிறுத்துப் பார்க்க முடியாது.

எங்கள் மேகமலையில் பிடித்த ஒரு வௌவால் பல ஆண்டுகள் மும்பையில் பெயர் தெரியாமல் கிடந்தது என்கிறார்களே, உண்மையா?
– வாசகர், சின்னமனூர்

உண்மைதான். ஆனால் பெயரில்லாமல் கிடக்கவில்லை. தவறான பெயரோடு கிடந்தது. தோட்டத் துறையில் இருந்த ஆங்கஸ் ஹட்டன் 1948-ல் அங்கே சேகரித்து, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்கு வந்து சேர்ந்த மாதிரி அது. சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்றே பதிவானது. தாய்லாந்து ஆய்வாளர் கிட்டி தொங்லோங்யா அதைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான், வெளியே தெரியும் வால் இல்லாததும், வெட்டுப்பற்கள் குறைவாக இருப்பதும், இது வேறு பேரினம் என்பதும் தெரிந்தது. 1972-ல் லாட்டிடென்ஸ் சலீமலியை என்று சலீம் அலியின் பெயரைத் தாங்கி அது அறிவியலுக்குள் நுழைந்தது.

இதில் கவனிக்க வேண்டியது மண்டை ஓடு. வௌவால், எலி, மூஞ்சுறு போன்றவற்றில் தோலை மட்டும் பார்த்து இனம் சொல்வது பல நேரம் முடியாது. பல்லைப் பார்க்க வேண்டும். அதனால்தான் பாலூட்டிகளில் மண்டை ஓட்டைத் தனியே எடுத்துச் சுத்தம் செய்து, எலும்பின் மேலேயே மையால் எண் எழுதிச் சிறு குப்பியில் வைக்கிறார்கள். தோலின் சீட்டில் உள்ள எண்ணும் மண்டை ஓட்டின் எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழைய தொகுப்பைச் சரிபார்க்கும் காப்பாட்சியர் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். சுத்தம் செய்யும்போது இரண்டு குப்பிகள் இடம் மாறியிருந்தால், ஒரு விலங்கின் தோலும் இன்னொன்றின் தலையும் சேர்ந்து, இல்லாத ஓர் இனம் உருவாகிவிடும்.

எங்கள் கல்லூரியில் நூறாண்டுப் பழமையான தோல்கள் இருக்கின்றன. காலில் இரண்டு, மூன்று சீட்டுகள் தொங்குகின்றன; தேதிகள் ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை. எதை நம்புவது?
– விலங்கியல் விரிவுரையாளர், பாளையங்கோட்டை

முதலில் ஒன்று: எந்தச் சீட்டையும் அவிழ்க்காதீர்கள், வெட்டாதீர்கள், "நல்லதாக" மாற்றி எழுதிக் கட்டாதீர்கள். இந்தியத் தொகுப்புகளுக்கு நேர்ந்த பெரிய சேதங்களில் ஒன்று, அக்கறையோடு புதுச் சீட்டு எழுதிப் பழையதைத் தூக்கி எறிந்தது. இரு பக்கமும் அளவுகோலோடு படமெடுத்துக்கொண்டு, பிறகு படிக்கத் தொடங்குங்கள்.

பொதுவாகச் சிறியதாக, அழுக்கேறி, நூல் காலோடு இறுகிக் கிடப்பதுதான் சேகரித்தவரே கட்டியது. அழகாக அச்சிட்ட பெரிய சீட்டு பின்னால் வந்த நிறுவனத்தினுடையது. அதில் இருப்பது படி எடுத்த தகவல்; படி எடுக்கும்போது 1 என்பது 7 ஆகும், 3 என்பது 8 ஆகும். மாதத்தை ரோமன் எண்ணில் எழுதும் வழக்கமும் இருந்தது. அதைத் தெரியாமல் அடுத்தவர் வேறு மாதமாக மாற்றியிருப்பார்.

பதிவெண்ணைத் தேதியாக எடுத்துக்கொள்வது அடிக்கடி நடக்கும் தவறு. லண்டன் தொகுப்பில் 1889.1.20.15 என்று ஓர் எண் இருந்தால், 1889 ஜனவரி 20 அன்று பதிவேட்டில் ஏறிய 15-ஆவது மாதிரி என்று பொருள். பறவை செத்தது அதற்கு முப்பது ஆண்டு முன்னதாகவும் இருக்கலாம். இந்தியாவில் ஆங்கிலேய அதிகாரியாக இருந்த பறவையியலாளர் ஆலன் ஆக்டேவியன் ஹியூம் 1885-ல் தோலும் முட்டையுமாக ஏறத்தாழ 82,000 மாதிரிகளை பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். பத்து, இருபது ஆண்டுகளாகப் பலர் சேகரித்தவை எல்லாம் அதன் பிறகே அங்கே எண் பெற்றன.

ஊர்ப்பெயர் அதைவிடச் சிக்கல். "மெட்ராஸ்" என்றால் நகரமா, மாகாணமா, கப்பலேற்றிய துறைமுகமா? மூன்றுக்கும் வாய்ப்பு உண்டு. இதை அவிழ்க்க நம்பகமான வழி, சேகரித்தவரின் பயண அட்டவணையைத் தயாரிப்பது. அவர் பெயரில் எந்தெந்த அருங்காட்சியகத்தில் என்ன இருந்தாலும், எண், இனம், ஊர், தேதி என்று நான்கு பத்திகளாக ஒரே கோப்பில் ஏற்றித் தேதி வரிசையில் அடுக்குங்கள். அவருடைய கடிதங்கள், பணி மாறுதல் ஆணைகள், அன்றைய இதழ்களில் எழுதிய குறிப்புகள் ஆகியவற்றையும் அதே வரிசையில் செருகுங்கள். திங்களன்று உதகையில் இருந்தவர் புதனன்று கட்டாக்கில் குருவி சுட்டிருக்க முடியாது. மாட்டுவண்டிக் காலம் அது. பொருந்தாத சீட்டுகள் தாமே துருத்திக்கொண்டு நிற்கும்.

அளவுகளையும் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். பாலூட்டிச் சீட்டில் கோடிட்டு நான்கு எண்கள் இருக்கும். அமெரிக்க வழக்கத்தில் முதல் எண் மூக்கு நுனியிலிருந்து வால் நுனி வரை. பிரிட்டிஷ் வழக்கத்தில் தலையும் உடலும் மட்டும். பின்பாதத்தை அமெரிக்கர்கள் நகத்தோடு அளப்பார்கள், பிரிட்டிஷார் நகம் நீக்கி. இரண்டையும் ஒரே பத்தியில் போட்டால் இல்லாத வேறுபாடு கிடைக்கும். பறவை இறக்கையிலும் இப்படியே: இயல்பான வளைவோடு அளந்ததா, அழுத்தி நிமிர்த்தி அளந்ததா என்று தெரிய வேண்டும். காய்ந்த இறக்கை சற்றே சுருங்கும் என்பதால், உயிரோடு பிடித்து அளந்த எண்ணோடு நேராக ஒப்பிடவும் கூடாது.

நிறமும் ஏமாற்றும். சாம்பலும் கறுப்பும் நாளடைவில் பழுப்பேறும். நூறாண்டுப் பழைய தோல் புதியதைவிடச் செம்பழுப்பாகத் தெரிகிறது என்பதற்காகத் துணையினம் பிரிக்கக் கிளம்பிவிடாதீர்கள்.

சீட்டிலேயே பொய் எழுதியிருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது?
– வாசகி, மதுரை

தோலைத்தான் கேட்க வேண்டும். தோல் உரிப்பதும் அடைப்பதும் தைப்பதும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவர் கையெழுத்தைப் போல அது காட்டிக்கொடுக்கும். எந்தப் பஞ்சு, எவ்வளவு இறுக்கம், கண்குழியில் என்ன, கழுத்துக்குள் குச்சி உண்டா, கால்களைக் குறுக்கே கட்டினாரா, எத்தனை தையல் என்று பார்ப்பார்கள். உள்ளே இருப்பதை எக்ஸ்ரே காட்டும்.

இந்த முறைகளுக்குப் பெரிய சோதனையாக அமைந்தது பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி ரிச்சர்ட் மைனர்ட்ஸ்ஹாகன் தொகுப்பு. ஏறத்தாழ 20,000 பறவைத் தோல்களை லண்டன் அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தவர். அவற்றில் கணிசமானவை மற்றவர்கள் சேகரித்ததைத் திருடி, சீட்டை மாற்றி, சிலவற்றில் பஞ்சைக்கூட மாற்றி அடைத்தவை என்று பறவையியலாளர்கள் பமேலா ராஸ்முசன், ராபர்ட் பிரிஸ்-ஜோன்ஸ் இருவரும் 1990-களில் காட்டினார்கள். ஃபாரஸ்ட் ஔலெட் என்ற சிற்றாந்தையின் கதை இதில் நமக்கு நெருக்கமானது. உலகத்தில் அதற்கு ஏழே தோல்கள். அவற்றில் ஒன்று 1914-ல் குஜராத்தின் மாண்ட்வியில் தாமே சேகரித்தது என்றார் மைனர்ட்ஸ்ஹாகன். மற்றவை எல்லாம் 19-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஆய்வில் அந்தத் தோல் 1880-களில் ஜேம்ஸ் டேவிட்சன் என்பவர் இன்றைய மகாராஷ்டிரத்தின் கான்தேஷ் பகுதியில் எடுத்தது என்று தெரிந்தது. பொய்யான ஊரைத் தள்ளிவிட்டு உண்மையான இடங்களில் தேடியதும், 1997 நவம்பரில் மகாராஷ்டிரத்தின் சாத்புரா அடிவாரத்தில் அந்த ஆந்தை உயிரோடு கண்ணில் பட்டது. கடைசி உண்மையான பதிவுக்கு 113 ஆண்டுகள் கழித்து. அதற்கு முன் தேடியவர்களில் சிலரைத் தவறான மாநிலத்துக்கு அனுப்பியது ஒரு சிறு காகிதத் துண்டு. சீட்டில் பொய் எழுதுவதை நாங்கள் சில்லறைக் குற்றமாகக் கருதாததற்குக் காரணம் இதுவே.

பழைய தோலில் விஷம் தடவியிருப்பார்களாமே? மாணவர்களைத் தொட விடலாமா?
– பள்ளி ஆசிரியர், நாகர்கோவில்

வெறும் கையால் தொட விடக் கூடாது. 18-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸின் மெட்ஸ் நகரத்து பெகோர் உருவாக்கிய ஆர்சனிக் சோப்பு – ஆர்சனிக், சோப்பு, கற்பூரம், பொட்டாஷ் உப்பு, சுண்ணாம்பு சேர்ந்த பசை – 20-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதி வரை தோலின் உட்புறம் தடவப்பட்டது. சில இடங்களில் பாதரச குளோரைடும் பூசினார்கள். 1980-களுக்கு முந்தைய எதையும் விஷமுள்ளதாகவே வைத்துக்கொள்ளுங்கள். அலகின் அடி, கண்குழி, வயிற்றுத் தையல், கால் மூட்டு ஆகிய இடங்களில் வெள்ளைத் தூள் தெரிந்தால் ஐயம் வலுக்கும். ஆனால் அது கொழுப்பாகவோ அந்துருண்டையின் படிகமாகவோ இருக்கலாம்; தூள் இல்லாததாலேயே விஷமில்லை என்றும் ஆகாது. உறுதி செய்யக் கையடக்க எக்ஸ்-கதிர் ஒளிர்வுக் கருவி வேண்டும். தோலைச் சேதப்படுத்தாமல் சில நொடிகளில் சொல்லிவிடும்.

நைட்ரைல் கையுறை, என்95 முகக்கவசம், தனியே துவைக்கும் மேலங்கி, மேசையில் தூக்கி எறியக்கூடிய தாள். உணவும் தேநீரும் அந்த அறைக்குள் வேண்டாம். வீட்டு வாக்குவம் கிளீனரால் தூசி எடுப்பது மிக ஆபத்து: அதன் வடிகட்டி ஆர்சனிக் துகளைப் பிடிக்காமல் பின்பக்கமாக அறை முழுக்க ஊதிவிடும். ஹெப்பா வடிகட்டி உள்ளதையே பயன்படுத்துங்கள். பள்ளிக்கூடத்தில் மூடிய கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காட்டினாலே போதும்.

இந்த விஷம் ஆராய்ச்சியையும் குழப்பும். பழைய கடற்பறவை இறகுகளில் பாதரசத்தை அளந்து கடல் மாசைக் கணக்கிடும்போது, காப்பாட்சியர் தடவிய கனிமப் பாதரசமும் கலந்து வரும். மீன் வழியாகப் பறவைக்குள் சேர்ந்தது மெத்தில் பாதரசம். ஆகவே அதை மட்டும் பிரித்து அளக்கிறார்கள்.

இறகுகள் கொட்டுகின்றன, இழுப்பறையில் பழுப்பு நிற உமி போல ஏதோ கிடக்கிறது. அந்துருண்டை போட்டும் நிற்கவில்லை.
– அருங்காட்சியகப் பணியாளர், தஞ்சாவூர்

அந்த உமி, தோல்வண்டின் புழு உரித்துப்போட்ட சட்டை. மயிர் அடர்ந்த சிறு புழு. இருட்டிலும் மடிப்பிலும்தான் இருக்கும். பட்டுநூல் கூடுபோல் தெரிந்தால் அந்துப்பூச்சி. அந்துருண்டை இவற்றைக் கொல்லும் என்று உறுதியில்லை. அதன் ஆவி உங்கள் நுரையீரலுக்குத்தான் கெடுதல்.

உறைய வைப்பதே நல்ல வழி. ஒவ்வொரு தோலையும் அமிலமற்ற மெல்லிய தாளில் சுற்றி, பாலிதீன் பையில் இட்டு, இறகு நசுங்காத அளவுக்குக் காற்றை வெளியேற்றி, வாயை ஒட்டிவிடுங்கள். மைனஸ் 30 டிகிரி செல்சியஸ் எட்டும் ஆழ்உறைபெட்டி என்றால் மூன்று நாள்; மைனஸ் 20 வரையே போகும் பெட்டி என்றால் இரண்டு வாரம். பெட்டிக்குள் நெருக்கித் திணிக்காதீர்கள். மெதுவாகக் குளிர்ந்தால் புழு குளிருக்குப் பழகிப் பிழைத்துவிடும். நடுவில் மின்சாரம் போய் வெப்பம் ஏறினால் நாள்கணக்கை முதலிலிருந்து எண்ண வேண்டும். வெளியே எடுத்த பிறகு 24 மணி நேரம் பையைத் திறக்கவே கூடாது. நம் ஊர் ஈரக்காற்றில் உடனே திறந்தால் தோலின் மேல் நீர் கோத்து, அடுத்த வாரம் பூஞ்சை வரும். மெழுகு வாய், வண்ணம் பூசிய மூக்கு உள்ள பாடம் செய்த விலங்குகளை இப்படி உறைய வைத்தால் விரிசல் விடலாம். அவற்றைத் தனியே ஒதுக்கி நிபுணரிடம் கேளுங்கள்.

தோல்கள் உறைபெட்டிக்குள் இருக்கும்போதே இழுப்பறையின் இடுக்குகளைச் சுத்தம் செய்யாவிட்டால் உழைப்பு முழுதும் வீண். பிறகு ஒட்டுப்பொறி வைத்து மாதம் ஒருமுறை எண்ணிக்கை எழுதிவாருங்கள். ஈரப்பதம் 50 விழுக்காட்டை ஒட்டி நிற்கட்டும்.

மண்டை ஓட்டிலிருந்து சதையை நீக்க அருங்காட்சியகங்கள் வளர்ப்பதும் இதே குடும்பத்து வண்டுகளைத்தான். அந்தக் கூட்டத்தைத் தொகுப்பு இருக்கும் கட்டடத்திலேயே வைக்காதீர்கள்.

நூறாண்டுக்கு முந்தைய தோலிலிருந்து டி.என்.ஏ. எடுக்க முடியுமா?
– ஆய்வு மாணவர், கோவை

முடியும். தொடங்கிவைத்ததே ஓர் அருங்காட்சியகத் தோல்தான்: 1984-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் இருந்த குவாகா தோலிலிருந்து சிறு துண்டு டி.என்.ஏ.வை எடுத்து, 1883-ல் ஆம்ஸ்டர்டாமில் கடைசி உயிரும் போன அந்த விலங்கு வரிக்குதிரைக்கு நெருங்கிய உறவு என்று காட்டினார்கள்.

பறவையில் விரலின் அடிச்சதையிலிருந்து இரண்டு, மூன்று மில்லிமீட்டர் துண்டு போதும். அங்கே காய்ந்த திசு தடிப்பாக இருக்கும். வெட்டினாலும் அளவுகள் கெடாது. ஒவ்வொரு மாதிரிக்கும் புதிய கத்தி, புதிய கையுறை. இன்றைய பறவைகளின் டி.என்.ஏ.வைக் கையாளும் ஆய்வகத்தில் இதைத் திறக்கவே கூடாது, புதிய டி.என்.ஏ. துளி கலந்தாலும் பழையதை அது மூழ்கடித்துவிடும். பழையது சிறுசிறு துண்டுகளாக உடைந்தே கிடைக்கும். ஃபார்மலினில் ஊறியவற்றில் இன்னும் கடினம். எரிசாராயத்தில் உள்ளவை பரவாயில்லை. வெட்டியதைப் பதிவேட்டில் எழுதி, சீட்டிலும் குறிக்க வேண்டும். ஒரு காலுக்கு எத்தனை விரல் என்பது உங்களுக்குத் தெரியும்; அடுத்த நூற்றாண்டு ஆய்வாளருக்கும் மிச்சம் வைக்க வேண்டும்.

பலனுக்கு இரண்டு எடுத்துக்காட்டு. 1844-ல் ஐஸ்லாந்தின் எல்டே பாறையில் கொல்லப்பட்ட, பறக்க முடியாத கடற்பறவையான பெரிய ஆக்கின் கடைசி இணையின் உள்ளுறுப்புகள் கோபன்ஹேகனில் இருக்கின்றன. தோல்கள் எங்கே போயின என்று தெரியாமல் இருந்தது. 2017-ல் டி.என்.ஏ. ஒப்பீட்டில் ஆணின் தோல் பிரஸ்ஸல்ஸில் இருப்பது தெரிந்தது. இன்னொன்று ஜெர்டன் கோர்சர். மதராஸ் படையில் மருத்துவராக இருந்த டி. சி. ஜெர்டன் பெயரைத் தாங்கிய இந்தப் பறவை, ஆந்திரத்தில் 1986-ல் மறுபடி கண்டுபிடிக்கப்பட்டது. அதன் முட்டையை யாரும் பார்த்ததில்லை என்றிருந்தபோது, ஸ்காட்லாந்தின் அபர்டீன் பல்கலைக்கழகத் தொகுப்பில் ஒன்று இருந்தது தெரியவந்தது. கோலார் தங்கவயலில் கால்நடை மருத்துவராக இருந்தவர் 1917-ல் சேகரித்தது. லண்டன் தொகுப்பைச் சேர்ந்த பழைய தோலின் விரலடித் துணுக்கோடு ஒப்பிட்டு 2013-ல் உறுதி செய்தார்கள்.

தாத்தா காலத்துச் சிறுத்தைத் தலை வீட்டில் இருக்கிறது. அருங்காட்சியகத்துக்குக் கொடுக்கலாமா?
– வாசகர், ஏற்காடு

விற்க முடியாது, அனுமதியில்லாமல் இடம் மாற்றவும் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி உரிமைச் சான்றிதழ் இருக்க வேண்டும். தாத்தாவிடம் அது இருந்ததா என்று பழைய தாள்களில் முதலில் தேடுங்கள். பிறகு மாவட்ட வன அலுவலர் வழியாக முதன்மை வன உயிரினக் காப்பாளருக்கு எழுதுங்கள். தலையின் பின்பலகையைக் கழற்றாமல் படமெடுத்து வையுங்கள். பாடம் செய்த நிறுவனத்தின் சீட்டோ எண்ணோ அதில் இருக்கலாம். சுட்ட இடமும் ஆண்டும் எழுதிய வேட்டை நாட்குறிப்பு இருந்தால் தலையைவிட அதற்கே அறிவியல் மதிப்பு அதிகம்.

தமிழ்நாட்டில் சேகரித்து வெளிநாட்டில் இருக்கும் தோல்களை, நாம் அங்கே போகாமலேயே பார்க்க வழி உண்டா?
– பறவை ஆர்வலர், வேலூர்

உலக அருங்காட்சியகங்களின் உயிரினப் பதிவுகளைத் திரட்டித் தரும் ஜிபிஐஎஃப் (GBIF) இணையதளத்தில் இனப்பெயர், நாடு, "பாதுகாக்கப்பட்ட மாதிரி" என்ற வகை மூன்றையும் தேர்ந்து தேடுங்கள். எல்லா அருங்காட்சியகமும் எல்லாவற்றையும் ஏற்றிவிடவில்லை; எனவே கிடைக்கவில்லை என்றால் இல்லை என்று எண்ண வேண்டாம். ஊர்ப்பெயரைப் பழைய ஆங்கில எழுத்துக்கூட்டலிலும் போட்டுப் பாருங்கள். பழைய இதழ்கள் பயோடைவர்சிட்டி ஹெரிட்டேஜ் லைப்ரரி என்ற இணைய நூலகத்தில் இலவசம். 1911-ல் பம்பாய் கழகம் தொடங்கிய பாலூட்டிக் கணக்கெடுப்பின் அறிக்கைகள் அதன் ஆய்விதழில் தொடராக வந்தவை. அந்த மாதிரிகள் பம்பாய், கல்கத்தா, லண்டன் என்று பிரிந்து போயின. ஓரிடத்தில் தேடி நிறுத்திவிடாதீர்கள்.

காப்பாட்சியருக்கு எழுதும்போது "உங்களிடம் உள்ள நீலகிரிப் பறவைகள் எல்லாம்" என்று கேட்டால் பதில் வராது. இனம், பதிவெண், எந்தப் பக்கத்தின் படம் வேண்டும், அளவுகோலும் நிற அட்டையும் சேர்த்து எடுக்க முடியுமா, எதற்காக என்பதை ஐந்தாறு வரிகளில் எழுதுங்கள். சீட்டின் இரு பக்கப் படத்தையும் மறக்காமல் கேளுங்கள். கேட்காவிட்டால் முன்பக்கம் மட்டுமே வரும், சேகரித்தவர் பென்சிலில் கிறுக்கிய குறிப்போ பெரும்பாலும் பின்பக்கத்தில் இருக்கும்.